பக்கத்து வீட்டைவிட ஒரு படி மேலே

வீட்டைத் தூக்குவதுதான் என் தொழில். திருடிக்கொண்டு போவதில்லை, பயப்பட வேண்டாம். நிற்கிற இடத்திலேயே, நிற்கிறபடியே, வீட்டை மூன்று நான்கு அடி உயர்த்தி வைப்போம். சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைப்போம். ஒருவர் விசில் ஊத, எல்லாரும் அவரவர் ஜாக்கியை ஒரே அளவு திருப்ப வேண்டும். வீடு சத்தம் போடாமல் மேலே வரும். அப்புறம் அடியில் புதிதாகக் கல் கட்டி அதன்மேல் உட்கார வைத்துவிடுவோம்.

திருவனந்தபுரத்தில் இப்போது எங்களுக்கு ஓய்வே இல்லை. முன்னெல்லாம் ஒரு மாதம் நின்று நிதானமாகப் பெய்த மழை, இப்போது ஒரு மத்தியானத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஓடை தாங்குவதில்லை; ஆறும் தாங்குவதில்லை. வானம் இருட்டினதும் பீரோவின் அடித்தட்டுத் துணியை எடுத்துக் கட்டில்மேல் போடுகிறவரா நீங்கள்? ஃபிரிட்ஜை செங்கல்மேல் நிறுத்தியிருக்கிறவரா? அப்படியானால் நமக்குள் அறிமுகமே தேவையில்லை.

ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். கரமனையில் ஆற்றுக்குக் கிட்டே என் வீடு. ஊரார் வீட்டையெல்லாம் தூக்கி வைக்கிற எனக்கு, என் வீடு மட்டும் பல வருஷம் தரையோடு தரையாகவே இருந்தது. அடுத்தவர் வீடு ஜாக்கியில் ஓர் அங்குலம் ஏறினால் என் வயிறும் ஓர் அங்குலம் எரியும். இந்த எரிச்சலோடு வேலை பார்த்ததால்தானோ என்னவோ, மற்றவர்களுடைய எரிச்சல் எனக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

மாங்காய்

கண்ணம்மூலைப் பக்கம் ஓடையை ஒட்டி ஒரு ரிட்டயர்டு டீச்சரின் வீடு. அதற்குப் பக்கத்தில் சுகுமாரன் என்பவர் வீடு. இரண்டையும் ஒரே கொத்தனார் ஒரே சமயத்தில் கட்டியிருக்கிறார். ஒரே உயரம், ஒரே மாதிரி கேட். மழை வந்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக வாளியை எடுத்துத் தண்ணீரை இறைத்து, ஒன்றாகக் கார்ப்பரேஷனைத் திட்டிவிட்டு, ஒன்றாகக் காப்பி குடிப்பார்களாம். அப்படி ஒரு சிநேகம். டீச்சரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைத் தூக்க ஏற்பாடு செய்ததும் அதில் மண் விழுந்தது.

வேலை தொடங்கிய நாள் முதல் சுகுமாரன் சாயங்காலம் ஆனால் மதில் ஓரத்தில் வந்து நிற்பார். வீடு கொஞ்சம் சாய்ந்த மாதிரி இல்லையா என்பார். அந்தக் கீறல் முன்னாலேயே இருந்ததா, இப்போது வந்ததா என்பார். கீறல் இப்போதுதான் வந்தது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை அவர் குரலில் தெரியும். அந்த ஆசை எனக்கு நன்றாகப் பழக்கமானதுதான். என்ன செய்வது, கீறல் பழையது. அப்படியே சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

வேலை முடிந்து சாமான்களை ஏற்றும்போது என்னைத் தம் வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டார். டீச்சர் வீட்டுத் தண்ணீர் இனி இவர் பக்கம் திரும்பிவிடும் என்று சண்டை போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதில் சொல்லக்கூட மனசுக்குள் தயார் செய்துகொண்டு போனேன். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. மாமரத்தைக் காட்டினார். மதிலுக்கு மேலே அந்தப் பக்கம் சாய்ந்திருந்த கிளை இப்போது டீச்சர் வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேராக நின்றது.

"இத்தனை காலமும் அவங்க கீழே நின்னு அண்ணாந்து பார்த்த மாங்காய் சாரே. இனி சாம்பார் கொதிக்கிற நேரத்துல கையை நீட்டினா மதி, கைக்கு வந்துடும்."

ஏறின கடை

சாலை பஜாரில் அருணாசலம் அண்ணாச்சிக்கு அரிசி, பருப்பு மொத்தக் கடை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எதிர்க்கடை அவருடைய சித்தப்பா மகன் முருகேசனுடையது. அதுவும் அரிசி, பருப்புதான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் அது 'மழை வருமா', 'வரும்போலத் தெரியுது' என்ற அளவோடு நிற்கும். ஒரு மழையில் இரண்டு கடையிலும் தண்ணீர் ஏறி, அடி வரிசை மூட்டையெல்லாம் ஊறி வீணாகிவிட்டது. அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டார். பழைய கட்டடம், ஜாக்கி தாங்காது. அதனால் தரையை மட்டும் இடுப்பளவு உயர்த்தி, வாசலில் படி கட்டிக் கொடுத்தோம்.

அதற்கப்புறம் அண்ணாச்சிக்கு ஆரம்பித்தது கஷ்டம். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு படி ஏற மாட்டோம் என்றார்கள். முழங்கால் வலிக்காரர்கள் படியைப் பார்த்தார்கள், அப்படியே திரும்பி எதிர்க்கடைக்குள் போய்விட்டார்கள். நான் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது அண்ணாச்சி உயரத்தில் தனியாக உட்கார்ந்து எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தபோது கூட்டம் இவ்வளவு தெளிவாகத் தெரியாதாம். உயரத்தில் வைத்ததற்கு என்மேல்தான் கோபம்.

கடைசியில் மழை வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர். அண்ணாச்சி கடையில் ஒரு சொட்டு ஏறவில்லை. நமக்கும் பெருமைதானே என்று மறுநாள் பார்க்கப் போனேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை, கூரை வரைக்கும் மூட்டை. வியாபாரம் அமோகம் போலிருக்கிறது என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். தண்ணீர் ஏறத் தொடங்கினதுமே முருகேசன் தன் சரக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கிவிட்டானாம். சொந்தக்காரன், வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

"வெள்ளம் வராத நாளெல்லாம் கூட்டம் அவன் கடையில. வெள்ளம் வந்தா அவன் சரக்கும் எங்கடையில. நான் எதுக்குத் தம்பி ஏறினேன், சொல்லும் பாப்போம்."

சிவப்பும் மஞ்சளும்

எங்கள் முதலாளிக்கு மூளை உண்டு. எந்த வார்டில் வெள்ளத்தைப் பற்றிக் கூட்டம் போட்டாலும் என்னை அனுப்பிவிடுவார். பின்வரிசையில் உட்கார்ந்து யார் முகத்தில் பயம் தெரிகிறது என்று பார்த்து வர வேண்டும். அப்படிப் போன ஒரு கூட்டத்தில் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அடிக்கடி வெள்ளம் வருகிற இடம் சிவப்பு, எப்போதாவது வருகிற இடம் மஞ்சள், வராத இடம் பச்சை.

முதலில் எழுந்தவர்கள் எல்லாரும் சிவப்புக்காரர்கள். எங்கள் வீட்டைச் சிவப்பிலிருந்து எடுங்கள், மகளுக்கு வரன் பார்க்கிறோம், நாளைக்கு வீட்டை விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார்கள் என்று ஒரே புலம்பல். மஞ்சள்காரர்கள் அனுதாபத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கவுன்சிலர் எழுந்து, ஓடையை அகலப்படுத்துவதும் வீட்டை உயர்த்த உதவி கொடுப்பதும் சிவப்புப் பகுதியில்தான் முதலில் என்றார். அவ்வளவுதான், மண்டபமே புரண்டுவிட்டது. சிவப்புக்காரர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். மஞ்சள்காரர்கள் எழுந்தார்கள். பச்சையில் இருந்த ஒருவர்கூடத் தம் வீட்டு வாசலில் தவளை கத்துகிறது என்று சாட்சி சொன்னார்.

என் முன்வரிசையில் இருந்த யசோதா என்ற அம்மா கடைசி வரைக்கும் பேசாமல் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரியும் கூடவே உட்கார்ந்திருந்தார். கோடு சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் போயிருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது யசோதா அம்மா பக்கத்து வீட்டுக்காரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ஏதோ ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போல.

"அவங்க வீட்டுக்குள்ள ஏறின தண்ணிதான் சார் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அவங்க சிவப்பு, நாங்க மட்டும் மஞ்சளா?"

ஷிபுவின் குன்று

எங்கள் வேலையில் விசில் ஊதுகிறவன் ஷிபு. ஜாக்கி திருப்புகிற வடக்கத்தி ஆட்கள் அத்தனை பேரும் அவன் மூச்சுக்குத்தான் கட்டுப்படுவார்கள். அவனுடைய வீடு குன்றின்மேல் இருக்கிறது. இந்த ஊர் குன்றும் பள்ளமும்தான் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளம் என் பங்குக்கு வந்தது, குன்று அவன் பங்குக்குப் போனது. மழை நாளில் நான் கணுக்கால் தண்ணீரில் நின்று பேன்ட்டை மடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து இறங்குவான். வீட்டில் எப்படி சாமி என்று விசாரிப்பான்; ஐயர் என்பதால் நான் அவனுக்குச் சாமி. அந்த விசாரிப்பு எனக்குப் பிடிக்காது. ஒரு மழைக்காலம் முழுக்க, ஒரே ஒரு தடவையாவது அந்தக் குன்றின்மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன்.

பங்குனி வெயில் வந்தது. இந்த வருஷ வெயில்தான் உங்களுக்கே தெரியுமே, காலையில் பத்து மணிக்கே கம்பியைத் தொட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிபு ஆட்டோவில் காலிக் குடங்களோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் கிணறு வற்றிவிட்டதாம். குழாயில் வருகிற தண்ணீருக்குக் குன்று ஏறத் தெம்பு இல்லையாம். டேங்கர் லாரியும் அந்தச் சரிவில் வர மறுக்கிறதாம். என் வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்தான். கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீர் பளபளத்தது. ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றான். என்ன, கிணற்றுக்குள் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல சாமி, பார்க்கப் பார்க்க அசூயை வருது. குன்றுமேல வீடு கட்டினப்போ எல்லாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாங்க. இப்போ நான் ஒரு கிணத்தைப் பார்த்துப் பொறாமைப்படறேன்."

கடல் வீடு

சங்குமுகத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பிலிருந்து ஆன்டனி என்பவர் கூப்பிட்டார். மீன்பிடிக்கிறவர். அவருடைய மச்சினன் வீட்டை நாங்கள் மணக்காட்டில் தூக்கியதைப் பார்த்திருக்கிறார். நானும் ஷிபுவும் போனோம். சின்ன வீடு, நீல பெயிண்ட், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி. வாசலுக்கு முன்னால் கருங்கல் கொட்டியிருந்தார்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். ஆன்டனி கை நீட்டி அந்தக் கடலில் இடங்களைக் காட்டினார். அதோ அங்கே ரோடு இருந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை வீடு, அதற்கும் அப்பால் படகு ஏற்றி வைக்கிற மணல் என்றார். கல்யாணமாகி வந்தபோது அவர் மனைவி, கடலைப் பார்க்க வேண்டுமானால் நடந்து போக வேண்டியிருக்கிறதே என்று குறைப்பட்டாளாம்.

ஷிபு சுவரின் அடியில் கையால் தோண்டிப் பார்த்தான். தோண்டின பள்ளம் தோண்டத் தோண்ட மூடிக்கொண்டது. ஜாக்கி நிற்க உறுதியான தரை வேண்டும். இங்கே தரையே கடலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முடியாது என்பதை யார் சொல்வது? கடைசியில் நான்தான் சொன்னேன். தூக்கினாலும் பிரயோஜனமில்லை, அடியில் அரிக்கிறதை எங்களால் நிறுத்த முடியாது என்றேன்.

அவர் தகராறு செய்யவில்லை. தெரிந்ததுதான் என்பது மாதிரித் தலையசைத்தார். உள்ளே போய்ப் பொரித்த மீன் கொண்டுவந்தார். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். முன்வரிசை வீட்டுக்காரர்களுக்கு ஊருக்குள் பிளாட் கிடைத்துவிட்டதாம். அன்றைக்கு இவருடையது மூன்றாவது வரிசை, அதனால் பட்டியலில் இல்லை. இப்போது இதுதான் முதல் வரிசை. நான் கரமனையில் இருக்கிறேன், எனக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று ஆறுதலுக்குச் சொல்லி வைத்தேன். எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். மறுநாள் வடிந்துவிடும் என்றேன்.

"அப்போ உங்க மேல எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு சாரே. உங்க தண்ணி திரும்பிப் போகுதில்ல."

ரமணன் வீடு

ரமணன் என் சகலை. என் மனைவி கோமதியின் அக்கா லலிதாவைக் கட்டியவர். பாங்கில் இருக்கிறார். ஆற்றுக்கால் பக்கம் வீடு. எதையும் நமக்கு முன்னால் செய்துவிடுகிற ஆள். நான் டிவி வாங்கினால் அவர் வீட்டில் அதைவிடப் பெரியது ஏற்கெனவே மாட்டியிருக்கும். அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே ஒரே ஒரு மழைக்குத்தான். அதுவும் விரலளவுதான். அதற்கே எனக்கு போன் பண்ணிவிட்டார். சொந்தக்காரர் வீடு, நானே முன்னால் நின்று செய்தேன். நல்லதாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் கைக்கு மோசமாகச் செய்ய வரவில்லை.

வேலை முடிந்ததும் கணபதி ஹோமம், சாப்பாடு, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரமணன் ஒவ்வொருவரையும் படியேற்றி, இனி வருகிற காலம் இப்படித்தான் இருக்கும், முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்று விளக்கினார். எல்லாரும் அவருடைய தீர்க்கதரிசனத்தைப் பாராட்டினார்கள். ஒரு மாமா என்னிடம் வந்து, ரமணனைப் பார்த்துக் கற்றுக்கொள், நீயும் வீட்டைத் தூக்குவதைப் பற்றி யோசி, யாராவது நல்ல ஆள் இருந்தால் விசாரி என்றார். நான் இன்னொரு டம்ளர் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

லலிதா மேல்படியில் நின்று வழியனுப்பினாள். கோமதி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, வரேன் அக்கா என்றாள். ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறிக்கொண்டாள். கிள்ளியாற்றுப் பாலம் தாண்டினது, கரமனை வந்தது, தெரு திரும்பினது. வீட்டு வாசலில் இறங்கி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் படி கட்டிக் குடுக்கறேள். எனக்கு மட்டும் பீரோவுக்கு அடில செங்கல்."

ஒரே சுவர்

என் வீட்டை நான் ஏன் தூக்கவில்லை என்று இந்நேரம் நீங்களும் அந்த மாமா மாதிரி யோசித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அப்பா காலத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு, சிக்கனமாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் மற்றது கிழிந்துவிடும். தூக்கினால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் கிடக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பவன் ஹரிஹரன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறான். வீட்டுப் பின்கட்டில்தான் சமையல்கூடம்.

அவனுக்குத் தண்ணீர் வருவது ஒரு விஷயமே இல்லை. தண்ணீர் வடிந்ததும் தரையைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, அன்று சாயங்காலமே ஜாங்கிரி பிழிய ஆரம்பித்துவிடுவான். நான் ஒரு மழைக்கு ஒரு வாரம் புலம்புவேன், அவன் ஒரு நிமிஷம்கூடப் புலம்ப மாட்டான். ரமணன் வீட்டு உயரத்தைப் பார்த்து எரிந்த வயிறு, இவனுடைய அலட்சியத்தைப் பார்த்தும் எரிந்தது. எனக்கு இரண்டும் வாய்க்கவில்லையே.

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் இப்போது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம், கொஞ்ச நாள் சமையலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாம் சொன்னேன். கோமதி போய் அவன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தாள். முகூர்த்த மாதங்களில் கையெடுக்க முடியாது என்பான். மற்ற மாதங்களில் சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்பான். கடைசியாகக் கேட்டபோது தேங்காய் துருவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தூக்கறது உன் தொழில்டா மணி. அடுப்பு அணையாம பார்த்துக்கறது என் தொழிலாக்கும். உன் தொழிலுக்காக என் தொழிலை நிறுத்தச் சொன்னா எப்படி?"

கல்யாணச் சமையல்

ஐப்பசியில் ஒரு காலை. முந்தின நாள் முழுக்க மலைப்பக்கம் கொட்டியிருக்கிறது. ஆறு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்துவிட்டது. நாங்கள் வழக்கம்போல பீரோ, கட்டில் வேலையில் இறங்கினோம். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம். போய்ப் பார்த்தால் சமையல்கூடத்தில் முழங்கால் தண்ணீர், அண்டாக்கள் படகு மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் ஹரிக்கு ஒரு பெரிய கல்யாணச் சமையல். நறுக்கின காய், ஊறப் போட்ட பருப்பு எல்லாம் மேஜைமேல் இருந்தது, மேஜைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. நான் பார்த்த வரைக்கும் முதல் தடவையாக ஹரி பயந்து நின்றான். பெண் வீட்டாருக்கு என்னடா சொல்வேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மண்டபத்து அடுக்களை அன்று சாயங்காலத்துக்கு மேல்தான் கிடைக்குமாம்.

கோமதி என்னைக் கேட்காமலே அவள் அக்காவுக்கு போன் செய்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. டெம்போ பிடித்து, அண்டா, அடுப்பு, காய்கறி, சமையல்காரர்கள் எல்லாவற்றையும் ஏற்றி ஆற்றுக்காலுக்குக் கொண்டுபோனோம். ரமணன் வீட்டுத் தெருவிலும் தண்ணீர். வீடு மட்டும் தீவு மாதிரி, சொட்டு ஈரமில்லாமல் நின்றது. மேல்படியில் சாக்கு விரித்து, பக்கத்தில் வாளியும் செம்பும் வைத்து லலிதா நின்றிருந்தாள். இப்போதுதான் தரை துடைத்தேன், ஒவ்வொருத்தராகக் கால் அலம்பிக்கொண்டு ஏறுங்கள் என்றாள். நாங்கள் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஹரி. ஆயிரம் பேருக்கு இலை போடுகிறவன், செம்பை வாங்கிக் குனிந்து காலை அலம்பினான். சரியாகப் போகவில்லை என்று லலிதா இரண்டாம் தடவை அலம்பச் சொன்னாள்.

அன்றைக்கு நாள் முழுக்கப் பின்பக்கம் சமையல் நடந்தது. ரமணன் அடிக்கடி வந்து காப்பி கொடுத்து, இனி வருகிற காலம் இப்படித்தான் இருக்கும், முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்று ஹரியிடம் சொன்னார். ஹரி சட்டுவத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சாப்பாட்டை எல்லாரும் புகழ்ந்தார்கள். தண்ணீர் வடிந்து, தெரு உலர்ந்தபிறகு ஒரு நாள் ஹரி என் வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ இத்தனை வருஷம் ஆத்தைக் காட்டிப் பயமுறுத்தினே, நான் பயப்படலை. ஆனா இன்னொரு தடவை அந்த மாமி கையால செம்பு வாங்கி என்னால கால் அலம்ப முடியாது. எப்போ ஆரம்பிக்கலாம்?"

ஸ்கூட்டர்

மார்கழியில் ஆரம்பித்தோம். ஹரி தற்காலிகமாக ஒரு மண்டபத்துப் பின்பக்கத்துக்கு அடுப்பை மாற்றினான். கோமதி தாய்வீடு போனாள். என் வீட்டுக்கு நான் விசில் ஊதலாம் என்று நினைத்தேன், உதடு உலர்ந்துவிட்டது. ஷிபுதான் ஊதினான். இரண்டு வீடும் நடுச்சுவரும் ஒன்றாக, மெதுவாக, ஒரு முனகலோடு மேலே வந்தன. எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் தினமும் சாயங்காலம் வந்து நின்றார்கள். ஒருவர் என்னிடம், வீடு கொஞ்சம் சாய்ந்த மாதிரி இல்லையா என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ரமணன் வந்து பார்த்தார். படிகளைக் கண்ணாலேயே அளந்தார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஆறு மாதம் சொட்டு மழை இல்லை. தினமும் வானத்தைப் பார்ப்பேன். ஊரில் எல்லாரும் வெயில் தாங்காமல் மழையைக் கேட்டார்கள், நான் வேறு காரணத்துக்காகக் கேட்டேன். கடைசியில் ஆனியில் ஒரு நாள் காலையில் வந்தது. ஆறு தெருவுக்குள் ஏறியது. வாசலில் நாற்காலி போட்டு, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் முதல் படியை மூடியது, இரண்டாவதை மூடியது, அங்கேயே நின்றது. எதிர்வீட்டில் பீரோவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஹரி அவன் வாசலில் நாற்காலி போட்டிருந்தான். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது கோமதி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீழே பார்த்தாள். படிக்குக் கீழே, நிறுத்தின இடத்திலேயே, என்ஜின் வரைக்கும் முழுகி நின்றது எங்கள் ஸ்கூட்டர்.

"ரமணன் அத்திம்பேர் காருக்கும் சேர்த்துச் சாய்வு கட்டி மேலே ஏத்தி வெச்சிருக்கார், பார்த்தேளோ?"

ஆற்றுக்குப் பயந்து வீட்டைத் தூக்கினவர்களைவிட அடுத்தவரைப் பார்த்து எரிந்து தூக்கினவர்களே இந்த ஊரில் அதிகம் என்று இத்தனை வருஷ அனுபவத்தில் என்னால் அடித்துச் சொல்ல முடியும். என் ஸ்கூட்டருக்கும் அடுத்த வாரம் சாய்வு கட்ட ஆள் வருகிறது.